கட்டில் கணக்கில் வராத செவிலியர்கள்

புதுதில்லி: வெளிநாடு செல்லும் செவிலியருக்குக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. உள்ளூர் மருத்துவமனையில் பணிபுரிபவருக்கு ஊதிய ஆணை இருக்கிறது. வீட்டில் அமர்ந்து, தொலைபேசியும் கணினியும் கொண்டு எங்கோ இருக்கும் நோயாளியைக் கவனிக்க விரும்பும் செவிலியருக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும்? நாடாளுமன்றம் இதுவரை இதற்கு நேரான விடை தரவில்லை.

இக்கேள்வி தில்லியைவிடத் திருவனந்தபுரத்தில்தான் கூர்மையாக எழுகிறது. நவராத்திரிக்காக வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளித் தங்கும் ஆரியசாலை, சாலைக் கடைவீதியை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. கன்னியாகுமரி மாவட்டத்துடன் இன்றும் கொள்வினை கொடுப்பினை உண்டு. அங்கே செவிலியர் படிப்பை முடித்துச் சென்னையில் தமிழ்நாடு மன்றத்தில் பதிவு செய்த பெண், மணமாகி இங்கு வந்தால் கேரள மன்றத்திலும் பதிவு செய்தாக வேண்டும். 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலமாக இருந்த நிலத்தில் இன்று இரண்டு பதிவேடுகள். கைக்குழந்தையும் இரவுப் பணியும் ஒத்துவராமல் மருத்துவமனை வேலையை விட்ட ஒருவர் வீட்டிலிருந்தே செய்யும் வேலையைத் தேடுவது இயல்பே. அத்தகையோரைக் குறிவைத்துத்தான் "அமெரிக்க நோயாளிகள், டாலரில் சம்பளம்" என்ற விளம்பரங்கள் வருகின்றன.

அந்த விளம்பரங்களில் பெரும்பாலும் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் செவிலியர் உரிமம் நோயாளி இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸில் உள்ள நோயாளிக்குத் தொலைபேசியில் ஆலோசனை கூறவும் அங்கு செல்லத்தக்க உரிமம் வேண்டும். அதற்கு என்கிளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும். தேறினாலும் தடை தீர்வதில்லை. அந்நாட்டு முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, நாட்டுக்கு வெளியிலிருந்து அளிக்கப்படும் சேவைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. இங்கிருந்து சட்டப்படி செய்யக்கூடிய அமெரிக்க வேலைகளில் பெரும்பாலானவை மருத்துவக் குறியீடு, காப்பீட்டுக் கோரிக்கை ஆய்வு, ஆவணத் தயாரிப்பு போன்றவை. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் சென்னையிலும் நடைபெறும் இத்தொழிலில் செவிலியரின் படிப்பு பயன்படும். ஆனால், நோயாளியின் குரல் அங்கே கேட்காது.

இந்திய விதிகளும் கடல் கடப்பதில்லை. தொலைமருத்துவ நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்ட நாள் 2020 மார்ச் 25; ஊரடங்கின் முதல் நாள். இந்திய எல்லைக்கு வெளியேயான ஆலோசனைகள் தமது வரம்பில் வாரா என்று அவை வெளிப்படையாகவே கூறுகின்றன. ஆலோசனை வழங்கும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே உரியது. செவிலியரோ, நோயாளியை மருத்துவருடன் இணைத்துவைக்கும் "சுகாதாரப் பணியாளர்" என்ற நிலையில் வைக்கப்பட்டுள்ளார். பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கும் இதே நிலைதான்.

ஆயினும் உள்நாட்டில் இவ்வேலை பெருகியிருப்பதை மறுக்க முடியாது. 2020 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இ-சஞ்சீவனி சேவை, 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியதாகச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. துணை சுகாதார நிலையத்தில் நோயாளியை அமர்த்தி, ரத்த அழுத்தம் பார்த்து, திரையில் மருத்துவரை அழைப்பவர் பல இடங்களில் செவிலியப் பட்டம் பெற்ற பெண்ணே. 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய டெலி-மானஸ் மனநலச் சேவை (எண் 14416), கேரளத்தின் 1056 "திசா" உதவி எண், தமிழகத்தின் 104 ஆகியவையும் தொலைபேசி வழிப் பணிகளே. இவை உண்மையான வேலைகள். ஆனால், வீட்டில் இருந்தபடி செய்பவை அல்ல. சுகாதார நிலையத்துக்கோ அழைப்பு மையத்துக்கோ செல்ல வேண்டும். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் வரும் பணியிடங்களில் பெரும்பாலானவை ஒப்பந்த அடிப்படையிலானவை.

சட்டத்தின் இடைவெளி இங்கேதான் தெரிகிறது. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வேலைக்காக இந்தியாவை விட்டுப் புறப்படுவதையே "குடிபெயர்தல்" என்கிறது. அதன் கீழ்தான் முகவர் பதிவும், பிணைத்தொகையும், கட்டண வரம்பும் வருகின்றன. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணி 2015-ல் நோர்க்கா போன்ற அரசு முகமைகளிடம் ஒப்படைக்கப்பட்டதும் அச்சட்டத்தின் வழியேதான். அந்த நோர்க்காவின் தலைமையகம் ஆரியசாலைக்கு அருகே தைக்காட்டில் இருக்கிறது. ஜெர்மனி செல்ல விரும்புபவருக்கு 2021-ல் கையெழுத்தான "டிரிபிள் வின்" திட்டத்தில் அங்கே வழி உண்டு. வீட்டை விட்டு நகராமல் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவரோ குடிபெயர்ந்தவர் ஆகமாட்டார். ஏமாற்றப்பட்டால் அவருக்கு மிஞ்சுவது காவல் நிலையமும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணும்தான்.

ஊதியத்திலும் இதே கதை. உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி ஆணையை ஏற்று அமைக்கப்பட்ட மத்தியக் குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தைக் கட்டில் எண்ணிக்கையை வைத்து வகுத்தது. 50-க்கும் குறைவான கட்டில்கள் இருந்தாலும் மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 2017-ல் நடைபெற்ற போராட்டத்துக்குப் பின்னர், 2018-ல் கேரள அரசும் 20 ஆயிரத்தை அடிப்படை ஊதியமாக நிர்ணயித்தது. தொலைபேசியில் கவனிக்கும் செவிலியருக்கு எத்தனை கட்டில்கள் என்று கணக்கிடுவது?

1947-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணைய மசோதா 2023 ஜூலை 28-ல் மக்களவையில் நிறைவேறியது. மணிப்பூர் விவகார அமளியில் அவை மூழ்கியிருந்த நாள் அது. இத்தொழிலின் எதிர்காலத்தை நின்று பேச நேரம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 8-ல் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. தொலைமருத்துவத்தில் செவிலியர் தம் பொறுப்பில் எதுவரை செயல்படலாம், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, குறைந்தபட்ச ஊதியம் எதன் அடிப்படையில் என்ற மூன்றையும் விதிகளில் எழுதக் கோர, கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வரும் எம்.பி.க்களுக்குத்தான் முதல் கடமை உண்டு.

அதுவரை, நோயாளி எந்த நாட்டில் இருக்கிறார், அங்கு செல்லும் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனம் எங்கே பதிவு பெற்றது என்று விண்ணப்பதாரர்களே கேட்டறிய வேண்டியுள்ளது. இவற்றுக்கு எழுத்தில் பதில் தராமல் "பதிவுக் கட்டணம்" கேட்பவரிடம் சான்றிதழின் நகலைக்கூடக் கொடுக்காமலிருப்பது நல்லது.