பழைய பிளான்ட்டை மூடினால் நம்ம வேலை என்ன ஆகும்? நெய்வேலி சொல்லும் பாடம்

கம்மாபுரம்:

"என்னண்ணே, நம்ம பிளான்ட்டை இழுத்து மூடப்போறாங்களாமே?"

நெய்வேலி சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் வட்டாரத்து டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் போதும். காலை ஷிப்டு முடிவதற்குள் ஊர் முழுக்க பரவிவிடும். அன்று ராத்திரி பல வீடுகளில் தூக்கம் இருக்காது. என்.எல்.சி. சம்பளத்தையும், ஒப்பந்த வேலையையும் நம்பி அடுப்பு எரியும் வீடுகள் இங்கே ஏராளம்.

கம்பெனியில் வரும் மாற்றத்தை தனி ஒரு தொழிலாளியால் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் அதை எப்படி சமாளிப்பது என்று கற்றுக்கொள்ள முடியும். அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நெய்வேலியிலேயே இருக்கிறது.

58 ஆண்டு ஓடியது

சோவியத் ரஷ்யா உதவியுடன் கட்டப்பட்ட நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தர ஆரம்பித்தது. 50 மெகாவாட்டில் 6 யூனிட், 100 மெகாவாட்டில் 3 யூனிட். ஆக 9 யூனிட்டில் 600 மெகாவாட். 2020 செப்டம்பர் 30-ந்தேதியோடு அது முழுவதுமாக நிறுத்தப்பட்டது.

அதற்கு பதிலாக வந்ததுதான் புதிய அனல்மின் நிலையம். இதில் 500 மெகாவாட்டில் 2 யூனிட் மட்டுமே. ஒன்று 2019 டிசம்பரிலும், இன்னொன்று 2021 பிப்ரவரியிலும் உற்பத்திக்கு வந்தன.

9 யூனிட் போய் 2 யூனிட். ஆனால் மின்சாரம் 600-ல் இருந்து 1000 மெகாவாட். எங்கே மாற்றம் வந்தாலும் கணக்கு இப்படித்தான் இருக்கும். எந்திரம் பெருசாகும், எண்ணிக்கை குறையும், வேலையின் தன்மை மாறும். சத்தத்தை காதால் கேட்டு, சூட்டை கையால் தொட்டு கோளாறு கண்டுபிடித்தவர், கம்ப்யூட்டர் திரையை பார்த்து கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே 3 விஷயத்தை மனதில் வையுங்கள்.

1. பேச்சை விடுங்க, பேப்பரை கேளுங்க

சம்பளம், வேலை நேரம், லீவு போன்றவற்றை மாற்றினாலும், ஆள் குறைப்பு வரக்கூடிய அளவுக்கு புது எந்திரம் கொண்டு வந்தாலும் நிர்வாகம் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவு சட்ட தொகுப்பிலும் 40-வது பிரிவாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி செய்யும் மாற்றத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை. அதனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் சங்கத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கையெழுத்து ஆன பிறகு சண்டை போட்டு பயனில்லை.

2. பயிற்சியை உரிமையாக கேளுங்க

"இத்தனை வருஷ சர்வீசுக்கு அப்புறம் நான் போய் படிக்கணுமா?" என்று நினைக்க வேண்டாம். பழகாத எந்திரம் வேலைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து.

2020 ஜூலை 1-ந்தேதி நெய்வேலி 2-வது அனல்மின் நிலைய பாய்லர் விபத்தில் 10-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. புது இடத்துக்கு அனுப்பினால், வேலையில் இறங்கும் முன் பாதுகாப்பு பயிற்சி கேளுங்கள். சீனியர்களே, கோளாறு பார்ப்பதில் உங்கள் அனுபவத்தை இளைஞர்களுக்கு சொல்லிக்கொடுங்கள். கம்ப்யூட்டரை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

3. கணக்கை கையில வச்சுக்கோங்க

மாற்றத்தில் முதல் அடி விழுவது ஒப்பந்த தொழிலாளிக்குத்தான். கான்ட்ராக்டர் மாறினாலும் பி.எப். யு.ஏ.என். நம்பர் மாறாது. ஒவ்வொரு மாதமும் பணம் கட்டுகிறார்களா என்று செல்போனில் பாருங்கள். சம்பள சீட்டு, வருகை அட்டை, கேட் பாஸ் நகல் எல்லாம் பத்திரம்.

ஏன் என்றால், ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆள் குறைப்பு செய்தால், குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. புது சட்டப்படி, வேறு தொழில் கற்றுக்கொள்ள இன்னொரு 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் பேங்க் கணக்கில் விழ வேண்டும். வேலை பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்றால் எதையும் வாங்குவது கஷ்டம்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்பு கமிட்டி இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் தரப்பும், நிர்வாக தரப்பும் சரிசமம். குறை ஏற்பட்ட ஒரு வருஷத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டிலும் பேசுங்க

மாற்றம் வரும் என்று தெரிந்தால் மனைவி, பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நிலைமை தெளியும் வரை கந்து வட்டிக்கு கை நீட்டாதீர்கள். பதட்டத்தில் வாங்கும் கடன், வேலை போவதை விட பெரிய வலி.

அடுத்த முறை டீக்கடையில், "மூடப்போறாங்களாமே" என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். "ஆர்டர் வந்திருக்கா? தேதி என்ன? நம்மள எங்க போடுறாங்க?" என்று திருப்பி கேளுங்கள்.

பதில் கிடைக்கவில்லை என்றால், அதே கேள்வியை பேப்பரில் எழுதி, பத்து பேர் கையெழுத்து போட்டு சங்கத்திடமும் நிர்வாகத்திடமும் கொடுங்கள். ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.