இரண்டு கையும் சுவரைத் தொட வேண்டும்

1970 மே மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோவில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி நடந்தது. வந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. கல்லூரியோடு நீச்சலை விட்டவர்களைத் திரும்பக் குளத்துக்கு அழைத்துவர நினைத்தவர், கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தர். இன்று உலகப் போட்டிகளில் 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்த பிரிவுகள் நூறு வயதையும் தாண்டிப் போகின்றன. 1986-இல் டோக்கியோவில் தொடங்கிய உலகப் போட்டி இன்றும் நடக்கிறது.

அந்நாளில் ஒருவர் முந்திக் குதித்தால் எல்லோரையும் திரும்ப அழைப்பார்கள். முதல் தவறு மன்னிக்கப்படும். இன்று அந்த மன்னிப்பு இல்லை. சிக்னலுக்கு ஒரு நொடி முன்னால் உடல் அசைந்தாலும் தகுதி நீக்கம்தான். அதைவிடக் கடினம், பல சமயம் பந்தயத்தை நிறுத்தாமலே விடுவது. முந்தியவர் 200 மீட்டர் பந்தயம் முழுவதையும் மூச்சிரைக்க நீந்தி முடித்தபிறகுதான், தன் நேரம் கணக்கில் இல்லை என்று அறிகிறார். போட்டி தாமதமின்றி நடக்கிறது, உண்மைதான். ஆனாலும் பதற்றத்தில் தவறியவருக்கு இருந்த இரண்டாவது வாய்ப்பு போனது எனக்கு இழப்பாகவே படுகிறது.

முதுகு நீச்சலில் மாற்றம் வேறு விதம். 1991-க்கு முன், மல்லாந்தபடியே சுவரைக் கையால் தொட்ட பிறகுதான் திரும்பலாம். தொடுமுன் தோள் புரண்டால் தகுதி நீக்கம். இப்போது குப்புறப் புரண்டு, கரணம் போட்டு, காலால் சுவரை உதைத்துத் திரும்பலாம். நேரம் மிச்சம். ஆனால் புரண்டபின் சுவர் இன்னும் தூரத்தில் இருக்கிறதே என்று இரண்டு உதை கூடுதலாக உதைத்தால் நடுவரின் கை உயர்ந்துவிடும். பழைய முறையில் பழகிய உடல்கள் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. கையால் தொட்டுத் திரும்புவதற்கு இன்றும் தடையில்லை என்பது ஆறுதல்.

வயதுக்காக விதி வளைந்த இடங்களும் உண்டு. மேடையில் ஏற முடியாதவர் குளத்தின் விளிம்பிலிருந்தோ, நீருக்குள் சுவரைப் பிடித்தபடியோ தொடங்கலாம். பட்டர்ஃபிளை நீந்தும்போது தவளை உதை உதைத்தால் ஒலிம்பிக்கில் வெளியேற்றுவார்கள், மாஸ்டர்ஸில் அனுமதி. இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1930-களில் பட்டர்ஃபிளை பிறந்ததே பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்குள், தவளை உதையோடுதான். இளைஞர்கள் கைவிட்ட அந்தப் பழைய வடிவம் முதியவர்களின் விதிப்புத்தகத்தில் உயிரோடிருக்கிறது.

ஒரு விதி மட்டும் யாருக்காகவும் தளரவில்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். தோள் இறுகிய எழுபது வயதுக்காரருக்கு ஒரு கை சற்றுப் பிந்தும். நடுவர் அதைக் கண்டு எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால், பக்கத்து லேனில் அதே வலியோடு சரியாகத் தொட்டவரின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகும்.

2015-இல் ஜப்பானின் மியெகோ நாகாவோகா, நூறு வயதில், 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 மணி 15 நிமிடம் 54.39 நொடியில் முடித்தார். நீந்தியது முழுக்க மல்லாந்து. ஃப்ரீஸ்டைலில் எந்த நீச்சலும் நீந்தலாம் என்பது இருபது வயதுக்காரருக்கும் உள்ள விதி. அவருக்கென்று எதையும் தளர்த்தவில்லை. 25 மீட்டர் குளத்தின் அறுபது நீளங்களையும் அவர் விதிப்படியே கடந்தார்.