முகப்பூச்சிற்குச் செல்லும் புளி

பித்தளைக் குடத்தைப் புளியிட்டு விளக்குவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கமாகும். குடம் பளிச்சிடுவதற்குக் காரணம் புளியிலுள்ள அமிலங்களே. அவற்றுள் தலையாயது டார்டாரிக் அமிலம். இன்று நகரத்துக் கடைகளில் விற்கும் முகப்பூச்சுகள் சிலவற்றில் புளிச்சாறு சேர்க்கப்படுவதும் இவ்வமிலத்தின் பொருட்டே. சேலம், நாமக்கல் சமவெளிகளில் வரப்போரத்திலும் கிணற்றுமேட்டிலும் புளிய மரம் இல்லாத ஊர் அரிது. ஆதலின் இச்செய்தியை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நமது மேற்றோலின் மீது இறந்த செல்கள் மெல்லிய அடுக்காகப் படிந்திருக்கின்றன. பழ அமிலங்கள் இவற்றின் பிடிப்பைத் தளர்த்தி உதிரச் செய்கின்றன. தோல் மிருதுவாகத் தோன்றுகின்றது. இதற்கெனப் புளியை நீரில் ஊறவைத்துக் கரைத்து, பன்முறை வடிகட்டி, அமிலத்தின் அளவைச் சோதித்த பின்னரே சிறிதளவு சேர்க்கின்றனர். சமையற்புளியை அப்படியே முகத்தில் பூசுவது தகாது. அதன் கடுமையை அளந்தறிய வழியில்லை. தோல் எரிந்து புண்படவும், வெயிலைத் தாங்காமற் போகவும் கூடும்.

சதையைவிடக் கொட்டையின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. கொட்டையின் உள்ளிருக்கும் பருப்பில் ஒருவகைப் பசை உண்டு. இதனைச் சைலோகுளுக்கன் என்பர். பருப்பு மாவை நீரிற் காய்ச்சித் தெளியவைத்து, தெளிந்த நீரைச் சாராயச்சத்தில் கலந்தால் இப்பசை திரிந்து வீழும். அதை உலர்த்திப் பொடியாக்கிப் பூச்சுகளில் சேர்க்கின்றனர். அது தோலின்மேல் படலமாகத் தங்கி, ஈரம் விரைவில் வற்றாமல் காக்கின்றது.

நெசவாள அன்பர்களுக்கு இது புதுமையன்று. பாவு நூலுக்குக் கஞ்சியிடுவது எதற்கு? இழைமேல் படலமாகப் படர்ந்து, அச்சிலும் விழுதிலும் உராய்ந்து அறாமல் காப்பதற்கே. தக்காணத்தில் கம்பளி நெய்வோர் புளியங்கொட்டைக் கூழையே கஞ்சியாக இட்டு வந்தனர். ஆலைகளிலும் பாவுக்குப் பசையிடவும், துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தவும் இம்மாவு பயன்படுகின்றது. இழையைக் காத்த பொருளே இன்று தோலையும் காக்கின்றது எனலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓடு நீக்காத புளி 100 கிலோவில் சதை ஏறத்தாழ 55 கிலோ, கொட்டை 34 கிலோ, ஓடும் நாரும் 11 கிலோ. அக்கொட்டையின் தோலை நீக்கினால் சுமார் 24 கிலோ பருப்பு தேறும். ஆகவே, பிஞ்சுப் பருவத்திலேயே மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடும் அங்கத்தினர், எடையில் மூன்றில் ஒரு பங்கினை விலை பேசாமலே கொடுத்துவிடுகின்றார். ஒரு சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தபோது, கொட்டை விற்ற தொகை எடையின்றி, விலைவீதமின்றி, ‘இதர வரவு’ என்ற ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். யாருடைய கொட்டை எவ்வளவு என்று அறிய இயலாமையால், அங்கத்தினர் எவருக்கும் அதில் பங்கு சேரவில்லை.

ஆயினும், முகப்பூச்சுப் புட்டியின் விலையைக் கண்டு மயங்குதல் வேண்டா. அதில் சேரும் சத்தின் அளவு மிகச் சிறிது. மேலும், அழகுப் பொருள்களைத் தயாரித்து விற்க 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், 2020-ஆம் ஆண்டு விதிகளின்படியும் உரிமம் பெறுதல் அவசியம். நாம் செய்யத்தக்கது, சுத்தமான மூலப்பொருளைத் திரட்டி நல்ல விலைக்கு விற்பதே.

அதற்குரிய முறைகள் எளியவை. ஓடு நன்கு முற்றி நொறுங்கும் பருவத்தில், மரத்தடியில் படுதா விரித்து உலுக்குக. சதையையும் கொட்டையையும் தனித்தனியே உலர்த்துக. சமையலுக்கென வைக்கும் புளியில் உப்புச் சேர்ப்பதுண்டு. சாறெடுப்போருக்கு விற்பதில் சேர்த்தல் ஆகாது. ஈரமுள்ள கொட்டையில் வண்டு விழும். ஆதலின் காய்ந்த பின்னரே மூட்டையிடுக. ஒவ்வொரு மூட்டையிலும் ஊர், நாள், எடை, அங்கத்தினர் எண் ஆகியன குறிக்கப்படட்டும்.

இவ்வாறு திரட்டி விற்பதற்கு நம் சேலத்திலேயே முன்மாதிரி உண்டு. 1981-இல் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், ஜவ்வரிசியையும் மரவள்ளி மாவையும் மாதிரி எடுத்துச் சோதித்து, ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்றுத் தருகின்றது. தரம் தெரிந்த சரக்கிற்கு வாங்குவோர் போட்டியிடுவர்; தரம் தெரியாத சரக்கிற்கு வியாபாரி சொன்னதே விலை.

வரும் மாசி, பங்குனியில் புளி உலுக்குமுன் சங்கங்கள் ஒன்று செய்யலாம். புளிக் கணக்கில் கொட்டைக்கெனத் தனியே ஒரு பத்தி கோடிட்டு வைக்கட்டும். எடை எழுதப்பட்டால் விலை கேட்கப்படும். விலை கேட்கப்பட்டால் பங்கும் வந்து சேரும்.