காலரா கிருமிக்கு என்ன தீனி?

மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் பழவேற்காடு ஏரியில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் உப்பு ஏறிவிடுகிறது. எந்த உப்பில் இறால் கிடைக்கும், எப்போது நண்டு வரும் என்பது மீனவக் குப்பங்களில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இத்தகைய உவர்நீர்தான் விப்ரியோ பாக்டீரியாக்களின் தாயகம். காலரா கிருமியும், சரியாக வேகாத இறால், நண்டு வழியே வயிற்றுப்போக்கைத் தரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை.

நீருக்கு ஏற்ப இவை தம் புரதங்களை மாற்றிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் நீருக்குப் பதில் வளர்ப்பு ஊடகம். கிருமியை உடைத்து, புரதங்களை ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துச் சாயமேற்றினால், எடைக்கேற்பப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். அதே கிருமியை வேறு ஊடகத்தில் வளர்த்துப் பாருங்கள், சில பட்டைகள் மறைந்து புதியவை முளைத்திருக்கும். காலரா கிருமியின் வெளிச்சவ்வில் ஓம்ப்-யு, ஓம்ப்-டி என இரு துளைப்புரதங்கள் உண்டு. அமினோ அமிலங்கள் நிறைந்த ஊடகத்தில் முதலாவது ஓங்குகிறது. அவை இல்லாத எளிய ஊடகத்தில் இரண்டாவது.

நம் உடல் இரும்பைக் கிருமிக்கு எட்டாமல் பூட்டி வைக்கிறது. வழக்கமான ஊடகத்திலோ இரும்பு தாராளம். அதனால் உடலுக்குள் கிருமி இரும்பைப் பறிக்கப் பயன்படுத்தும் ஏற்பிகள் அங்கே வெளிப்படுவதே இல்லை. ஊடகத்தின் இரும்பைக் கட்டிப்போட்டால்தான் தலைகாட்டுகின்றன. தடுப்பூசிக்கு இலக்கு தேடுபவர் இதைக் கவனிக்காவிட்டால் முக்கியமான புரதமே கையில் சிக்காது.

நச்சும் இப்படித்தான். எல் டோர் வகைக் காலரா கிருமி வழக்கமான ஊடகங்களில் நச்சை மிகக் குறைவாகவே சுரக்கும். 1986-இல் ஜப்பானின் இவானாகா குழு, பைகார்பனேட் கலந்த ஏகேஐ ஊடகத்தில் அதை முதலில் அசைக்காமலும் பிறகு குலுக்கியும் வளர்த்து, நச்சைப் பெருக வைத்தது. வேதிப்பொருளோடு காற்றின் அளவும் சேர்ந்ததே ஊடகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது நண்டு ஓடு. அதிலுள்ள கைட்டின் மீது வளரும்போது காலரா கிருமி, வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளிழுக்கும் புரதக் கருவிகளைக் கட்டிக்கொள்கிறது என்று 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதிய காலரா, பழைய ஓ1 கிருமியின் மேற்பூச்சு மரபணுக்கள் மாறியதால் பிறந்தது. கைட்டின் மேல் வெளி டி.என்.ஏ.வை உள்ளிழுக்க வைத்து, அதே மாற்றத்தை 2007-இல் ஆய்வகத்திலேயே நடத்திக் காட்டிவிட்டார்கள்.