பெட்டரி மேல் பழி போடுமுன்...

காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும் கெப் வண்டி, மாலையில் சாமான் ஏற்றிய பிறகு கிடந்துவிடும். மறுநாள் கராஜுக்குக் கொண்டு போனால் ஒரு குறையும் காட்டாது. பழைய கெப் வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தத் தலையிடி புதிதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனாலும் வரியெல்லாம் கட்டி வேறு வண்டி எடுப்பது நம்மில் பலருக்கு எட்டாத காரியம். ஆகவே கையிலிருக்கும் வண்டியின் குணத்தை அறிந்து வைத்திருப்பதும் முதலைப் பாதுகாக்கும் ஒரு வழிதான்.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவில் வரும்போது, மாத்தளையில் சுபஹுத் தொழுகைக்காக வண்டியை நிறுத்தினேன். தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டுமே. சந்தை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்த தக்காளியை என்ன விலைக்கு விற்றேன் என்று வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உடனே புது பெட்டரி வாங்கினேன். இரண்டு மாதத்தில் மீண்டும் அதே கதை. பெட்டரிக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னிலையில் "பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்களே" என்று பேசினேன். அந்த மனிதர் மறுபேச்சின்றி உத்தரவாதத்தில் வேறொன்று மாற்றித் தந்தார். அதுவும் இறங்கியது. பிறகு பஞ்சிகாவத்தையில் ஓர் அல்டனேட்டர் வாங்கிப் போட்டேன். அப்போதும் தீரவில்லை.

கடைசியில் வாகன வயரிங் வேலை பார்க்கும் வயதான நானா ஒருவரிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரை எடுத்தார். அல்டனேட்டரில் 14.2 வோல்ட், பெட்டரியில் 13.1 வோல்ட்தான். "முதலாளி, உண்டாகிற கரண்ட் வழியில் தொலைகிறது" என்றார். பெட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஏர்த் கேபிளை உரித்துக் காட்டினார். வெளியே கறுப்பு உறை சுத்தமாக இருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, பாதிக் கம்பிகள் அறுந்திருந்தன. எஞ்சின் அதிரும்போது தொடும், விடும். ஸ்டார்ட்டருக்கான கரண்டும் அதே வழிதான். அல்டனேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்ததால் டாஷ்போர்டில் சிவப்பு லைட்டும் எரியவில்லை.

பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கினால் மிகக் குறைந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜ் இல்லாவிட்டாலும் வண்டி நிற்காது. நிறுத்திய பிறகுதான் குட்டு வெளிப்படும். இதனால்தான் பழி எப்போதும் பெட்டரியின் தலையில் விழுகிறது.

எனவே, சாமான் வாங்குமுன் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வாங்குங்கள். பின்வரும் ஒழுங்கில் பாருங்கள்.

1. பல மணி நேரம் ஓய்ந்திருந்த பெட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

2. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு பெட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பெட்டரி தண்ணீர் வற்றிச் சாகும்.

3. அதே நிலையில் மீட்டரின் ஒரு முனையை அல்டனேட்டரின் தடித்த வயர் ஆணியிலும், மறு முனையைப் பெட்டரியின் பிளஸ் முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. பிறகு அல்டனேட்டரின் உடலுக்கும் பெட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையில் அளவுங்கள். 0.2க்கு மேல் இருந்தால் ஏர்த் பழுது. என் வண்டியில் அது 0.9.

4. மீட்டரைப் பார்த்தபடியே வயர்களையும், அல்டனேட்டரின் பின்னால் உள்ள சொக்கட்டையும், ஃபியூஸையும் ஒவ்வொன்றாக மெதுவாக அசையுங்கள். எதை அசைக்கும்போது இலக்கம் துள்ளுகிறதோ அங்கேதான் கோளாறு. எஞ்சின் ஓடுகையில் கையும் சட்டையும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்ட இருக்கட்டும்.

5. குளிரில் சரியாகவும் சூட்டில் குறைந்தும் வந்தால், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மீண்டும் அளவுங்கள். அல்டனேட்டரை இலேசாகத் தட்டியதும் சார்ஜ் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். முழு அல்டனேட்டர் தேவைப்படாது.

சாவியைப் போட்டதும் சிவப்பு லைட் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம். சில வண்டிகளில் அந்த பல்ப் இல்லாவிட்டால் அல்டனேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்கவே தயங்கும். பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இதே குறைதான்.

டொயோட்டா ஹைலக்ஸின் 2எல், 3எல் டீசல் எஞ்சின்களில் பிரேக்குக்கான வெக்கியூம் பம்ப் அல்டனேட்டரின் பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதன் சீல் போனால் எண்ணெய் கசிந்து பிரஷ்ஷைக் கெடுக்கும். வெளியே எண்ணெய் கண்டால் முதலில் சீலைப் பாருங்கள். அல்டனேட்டரை மாற்றினால் பம்ப்பும் சரிதானா என்று உறுதி செய்யுங்கள். அது பிரேக்கோடு விளையாடும் விஷயம்.

எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனையைக் கழற்றி 'டைனமோ நல்லதா' என்று பார்க்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம். அந்த நொடியில் வோல்ட் எகிறி, நல்ல அல்டனேட்டரின் டயோட்டும் ரெகுலேட்டரும் எரிந்துவிடலாம்.

சரியாகச் சார்ஜ் ஏறாத பெட்டரி நாளடைவில் உள்ளே உப்புப் படிந்து கெட்டுவிடும். அந்தக் கடைக்காரர் தந்தது நல்ல சாமான். அதைக் கெடுத்தது என் கேபிள். உத்தரவாதம் சாமானின் குறைக்குத்தான், என் அலட்சியத்துக்கல்ல. கேபிளை மாற்றிய மறுநாளே அவரிடம் போய் மாப்புக் கேட்டு, மாற்றித் தந்த பெட்டரியின் விலையையும் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார். "இது உங்கள் ஹக்" என்ற பிறகே வாங்கிக்கொண்டார். புதுக் கேபிளின் விலை அதில் ஒரு சிறு பங்கு கூட இல்லை.

சாமானையும் மனிதரையும் குறை சொல்லுமுன் அளந்து பார்ப்போம். அளவையில் நேர்மை நமக்குக் கடையில் மட்டுமல்ல, கராஜிலும் கடமைதான். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.