‘இந்தியா பேல் ஏல்’: கசப்பு தூக்கலாக இல்லாததைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெயரில் ‘இந்தியா’ இருக்கிறது. அதை நம்பி, லிட்டில் இந்தியா உணவகங்களில் கிடைக்கும் கிங்ஃபிஷர் போலத்தான் இருக்கும் என்று ‘இந்தியா பேல் ஏல்’ வாங்கி, முதல் மிடற்றிலேயே முகம் சுளித்தவர்கள் நம்மில் உண்டு. விலை கொடுத்து வாங்கியதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்களும் உண்டு.

ஐபிஏ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்த பியர் என்றாலே கசப்புதான் என்று முடிவுகட்டத் தேவையில்லை. கசப்பும் தானியத்தின் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வகைகளும் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காண மூன்று விவரங்கள் போதும். அதோடு கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நாக்குக்கு இதமாக இருக்கும் பியர், போதையிலும் லேசானது என்று எண்ணிவிடக் கூடாது.

மால்ட் என்பது என்ன?

தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகிய நான்கும்தான் பியரின் அடிப்படை. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்ச நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து, வறுத்து அரைப்போமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். ஹார்லிக்ஸ், மைலோ டின்னைத் திறந்ததும் வரும் வாசனையிலும் மால்ட்டுக்குப் பங்குண்டு.

லேசான சூட்டில் உலர்த்திய மால்ட் ரொட்டி, பிஸ்கட் போன்ற சுவையைத் தரும். ‘கிரிஸ்டல் மால்ட்’ எனப்படும் வகை வெல்லப்பாகை நினைவூட்டும் கேரமல் சுவையைத் தரும். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பும் பூமணமும் பழமணமும் அதிலிருந்து வருபவை.

பாகற்காய்க் குழம்பில் ஒரு துண்டு வெல்லம் சேர்க்கிறோம். அதனால் கசப்பு போய்விடுவதில்லை. ஆனால் அது தனியாகத் துருத்திக்கொண்டும் நிற்பதில்லை. மால்ட் சுவையுள்ள ஐபிஏவில் நடப்பதும் அதுதான்.

கப்பலேறி வந்த பியர்

இந்தியா பேல் ஏல் இந்தியாவில் தோன்றியதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லண்டனின் கிழக்கே ‘போ’ பகுதியில் இருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் ஆலை, இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு பியர் அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற துறைக்கு அருகில் அந்த ஆலை இருந்தது வசதியாயிற்று. 1820களில் பர்ட்டன் நகரின் ஆல்சாப் போன்ற ஆலைகளும் போட்டிக்கு வந்தன. அந்த ஊரின் ஜிப்சம் கலந்த தண்ணீர் இவ்வகை பியருக்கு ஏற்றதாக அமைந்தது.

கப்பல் பயணத்திற்காகவே இந்த பியர் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையில் வெளிர்நிற ஏல் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தது. கெடாமல் காக்கும் தன்மை ஹாப்ஸுக்கு உண்டு என்பதால், வெப்ப நாடுகளுக்குச் செல்லும் பியரில் அதைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பீப்பாய்களில் பயணம் செய்தபோது பியர் முதிர்ந்தது, ஹாப்ஸின் கூர்மையும் தணிந்தது.

இன்று நம்மைத் திடுக்கிட வைக்கும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மணமும் அழுத்தமான கசப்பும் பெரும்பாலும் பிற்கால அமெரிக்கப் பாணி. 1975ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை, ‘கேஸ்கேட்’ ஹாப்ஸைக் கொண்டு ‘லிபர்ட்டி ஏல்’ பியரை உருவாக்கியது. அதன் பிறகு அந்தப் பாணி உலகெங்கும் பரவியது.

சிங்கப்பூரில் டைகர் பியர் தயாரிப்பு 1932ல் தொடங்கியது. அது ‘லாகர்’ வகை, கிங்ஃபிஷரும் அப்படியே. குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கப்படும் லாகருக்குப் பழகிய நாக்குக்கு ஐபிஏ அதிர்ச்சியாக இருப்பதில் வியப்பில்லை. உள்ளூரிலேயே பல வகை ஏல்களைத் தயாரிக்கும் சிற்றாலைகள் இங்கு பரவலானது பிற்காலத்தில்தான். 1997ல் சிங்கப்பூர் ஆற்றோரம் தொடங்கிய புருவர்க்ஸ் அவற்றில் முன்னோடி.

பார்க்க வேண்டிய மூன்று விவரங்கள்

முதலாவது, பாணி. ‘இங்கிலீஷ் ஐபிஏ’, ‘ஆம்பர்’, ‘ரெட் ஐபிஏ’ என்ற சொற்களோ, சுவைக் குறிப்பில் ‘பிஸ்கட்’, ‘டாஃபி’, ‘கேரமல்’ போன்ற சொற்களோ இருந்தால் மால்ட் சுவையை எதிர்பார்க்கலாம். ‘வெஸ்ட் கோஸ்ட்’ என்றால் கசப்பு முன்னே நிற்கும். ‘ஹேசி’ என்பது கலங்கலாக, பழச்சாறு போல இருக்கும். அதில் கசப்பு குறைவு என்றாலும் மால்ட் சுவையும் அடங்கியே இருக்கும். கசப்பு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் ஹேசியை எடுத்துத் தரக்கூடும். ‘மால்ட் சுவை வேண்டும்’ என்று சேர்த்துச் சொல்வது நல்லது. நிறமும் ஓரளவு உதவும். பாலில்லாத தே-ஓவை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் செம்பு நிறம் நல்ல அறிகுறி.

இரண்டாவது, ‘ஐபியு’ எனப்படும் கசப்பு அளவு. இங்கிலீஷ் ஐபிஏ பொதுவாக 40 முதல் 60 வரை இருக்கும். அமெரிக்க வகை 70 வரை போகும், ‘டபுள் ஐபிஏ’ 100ஐக்கூடத் தொடலாம். ஆனால் இந்த எண்ணைத் தனியாகப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. மால்ட் குறைந்த, 4.5 விழுக்காடு மதுச்சாரமுள்ள பியரில் 50 ஐபியு கடுமையாகத் தெரியும். மால்ட் நிறைந்த, 6.5 விழுக்காடுள்ள பியரில் அதே 50 இதமாகத் தெரியலாம்.

மூன்றாவது, தேதி. ஐபிஏவின் மணம் நாளாக ஆகக் குறையும், வெப்பத்தில் இன்னும் விரைவாகக் குறையும். நம் ஊர் வெயிலில் வெளியே அடுக்கி வைத்ததைவிடக் குளிர்பெட்டியில் இருப்பதையே எடுங்கள். டின்னின் அடியிலோ போத்தலின் கழுத்திலோ தேதி இருக்கும்.

பெயர் சொல்லித் தேட விரும்புவோர், இங்கிலாந்தின் சாமுவேல் ஸ்மித் ‘இந்தியா ஏல்’ (5 விழுக்காடு), அமெரிக்காவின் கூஸ் ஐலண்ட் ஐபிஏ (5.9) ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் முயன்று பார்க்கலாம். கூஸ் ஐலண்ட் அமெரிக்கத் தயாரிப்பு என்றாலும் இங்கிலீஷ் பாணியைத் தழுவியது. குழாயிலிருந்து ஊற்றித் தரும் இடங்களில், வாங்குமுன் ஒரு வாய் ருசிபார்க்கக் கேட்பதில் தவறில்லை.

வாங்கிய பிறகு

உறையும் குளிர்ச்சியில் மால்ட் சுவை தெரியாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஐந்து, பத்து நிமிடம் வைத்திருந்து குடித்தால் பிஸ்கட் வாசனை மெல்ல மேலெழும். பனிக்கட்டி போட்டால் சுவை நீர்த்துவிடும்.

நம் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்? கடுங்கசப்பு மிளகாய்க் காரத்தைத் தூக்கிக் காட்டும். மால்ட்டின் இனிப்பு அதைத் தணிக்கும். மட்டன் சுக்கா, மீன்தலைக் கறி போன்றவற்றோடு இங்கிலீஷ் வகையே ஒத்துப்போகும்.

மறக்கக் கூடாத கணக்கு

மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் மதுச்சாரமாக மாற்றுகிறது. அதனால் மால்ட் கூடும்போது பொதுவாக மதுச்சாரமும் கூடுகிறது. அதே மால்ட் அந்த வீரியத்தை நாக்குக்குத் தெரியாமல் மறைத்தும் விடுகிறது.

330 மில்லிலிட்டர், 5 விழுக்காடு பியர் டின் ஒன்றில் 16.5 மில்லிலிட்டர் மதுச்சாரம் இருக்கிறது. 6.5 விழுக்காடு ஐபிஏவை அரை லிட்டர் கிளாஸில் வாங்கினால் 32.5 மில்லிலிட்டர். அதாவது, மேசையில் இருப்பது ஒரு கிளாஸ், உடலுக்குள் போவது இரண்டு டின். ஆண்கள் நாளொன்றுக்கு இரண்டு அளவுக்கு மேலும் பெண்கள் ஓர் அளவுக்கு மேலும் அருந்த வேண்டாம் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அறிவுரை. அந்த ஒரு கிளாஸிலேயே ஆண்களுக்கான வரம்பு முடிந்துவிடுகிறது.

விலையும் இதையே சொல்கிறது. சிங்கப்பூரில் பியருக்கான தீர்வை மதுச்சாரத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் மதுச்சாரத்திற்கு 60 வெள்ளி உற்பத்தித் தீர்வை, இறக்குமதியானால் மேலும் 16 வெள்ளி சுங்கத் தீர்வை. வெளிநாட்டிலிருந்து வரும் 330 மில்லிலிட்டர் டின்னுக்கு, 5 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 1.25 வெள்ளி, 6.5 விழுக்காடு என்றால் 1.63 வெள்ளி. பொருள், சேவை வரி தனி.

எங்கே குடிக்கிறோம் என்பதும் முக்கியம். 2015 ஏப்ரல் 1 முதல், தீவு முழுவதும் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை உள்ளது. மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களான லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்க முடியாது. பொது விடுமுறைகளை ஒட்டியும் கட்டுப்பாடு உண்டு. ஞாயிறு மாலை கடையில் ஒரு டின் வாங்கித் திடலில் உட்கார்ந்து திறக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். உரிமம் பெற்ற உணவகத்திலோ வீட்டிலோ அருந்தலாம்.

குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. பழக்கம் உள்ளவர்கள் அடுத்த முறை ‘இந்தியா’ என்ற பெயரைப் பார்த்ததும், டின்னைத் திருப்பிப் பாணி, கசப்பு அளவு, தேதி மூன்றையும் பார்த்து வாங்கலாம். நான்காவதாக மதுச்சார விழுக்காட்டையும் பார்த்துவிடுங்கள். நல்ல பியர் என்றால் ஒரு கிளாஸோடு நிறுத்துவதில் குறையொன்றும் இல்லை. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு எம்ஆர்டியில் வந்திருந்தால் இன்னும் நிம்மதி.