எதைச் செய்வது, எதை வாங்குவது: வீட்டில் விமானம் கட்டுவோரின் கணக்கு

மஸ்கெலியாவில் விமானம் என்றால் வயதானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏழு கன்னியர் மலைதான். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் அந்த மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தார்கள். 1977க்கும் 1983க்கும் பிறகு இங்கிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் உறவுகளுக்கோ, விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழிதான்.

இந்த இரண்டு நினைவும் இல்லாத பிள்ளைகள் இன்று வேறொன்று கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினும் அலுமினியக் குழாயும் கிடைத்தால் நாமே ஒரு சின்ன விமானம் செய்ய முடியாதா? இளைஞர்களுக்கு இயந்திரத் தொழில் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. முடியும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எதை நாமே செய்வது, எதைக் காசு கொடுத்து வாங்குவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

இலங்கையில் இது புதிய ஆசை அல்ல. வன்னி விவசாயிகள் இன்றும் 'லாண்ட்மாஸ்டர்' என்று சொல்லும் இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கிய பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010), சிறு விமானங்களைத் தானே வடிவமைத்து, கட்டி, ஓட்டியவர். பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.

உலகின் முதல் விமானத்துக்கும் இதே கணக்கு இருந்தது. ரைட் சகோதரர்கள் எஞ்சினை வாங்கவே விரும்பினார்கள். பல நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டும், வேண்டிய அளவு எடை குறைந்த எஞ்சின் கிடைக்கவில்லை. அதனால் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் 12 குதிரைவலு எஞ்சின் ஒன்றைச் சுமார் ஆறு வாரத்தில் செய்துகொடுத்தார். அதன் அலுமினிய உடலை வெளியே ஒரு வார்ப்பகத்தில் வார்த்தார்கள். விசிறியைத் தாங்களே கணக்கிட்டுச் செதுக்கினார்கள். அதைச் சுழற்றும் சங்கிலியைக் கடையில் வாங்கினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அது பறந்தது. கிடைப்பதை வாங்கினார்கள், கிடைக்காததைச் செய்தார்கள்.

'எல்லாவற்றையும் நாமே செய்வோம்' என்ற எண்ணம் நம்மவர்களிடம் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஒரு சொட்டு பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம். ஆகாயத்தில் இறங்கித் தள்ள முடியாது. அதனால் விமானத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன்.

ஒன்று, இது பழுதானால் என்ன நடக்கும்? இருக்கை மெத்தை கிழிந்தால் ஒன்றுமில்லை. இறக்கையைப் பிடித்திருக்கும் போல்ட் அறுந்தால் எல்லாம் முடிந்தது.

இரண்டு, இதில் உள்ள குறையைப் பறப்பதற்கு முன் தரையில் கண்டுபிடிக்க முடியுமா? மரத்தில் செய்த இறக்கைச் சட்டத்தின் பசை விட்ட இடத்தைக் கண்ணால் பார்க்கலாம், மணல்மூட்டை ஏற்றிச் சோதிக்கலாம். இரும்புக்குள் இருக்கும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

மூன்று, அதைச் செய்யும் கருவியும் கைப்பழக்கமும் நம்மிடம் உண்டா? ஒரே ஒரு பாகத்துக்காக அச்சும் கருவியும் செய்து, நான்கு முறை பிழைத்து, பொருளையும் வீணாக்கினால், கடை விலையே மலிவாக இருந்திருக்கும்.

நான்கு, எடை என்ன? நாம் செய்யும் பாகம் கொஞ்சம் கனத்தாலும், அது வாலுக்குப் பக்கத்தில் இருந்தால் விமானத்தின் சமநிலையே மாறிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். ரோலர் இயந்திரத்துக்கு ஒரு புஷ், ஒரு தாங்கி வேண்டுமென்றால் லேத்தில் கடைந்துவிடுவார்கள். ஆனால் பேரிங்கை யாரும் கடைவதில்லை, வாங்கித்தான் போடுவார்கள்.

விமானத்திலும் அப்படித்தான். இறக்கைச் சட்டம், துணிப் போர்வை, இருக்கை, மூடிகள் எல்லாம் பொறுமை உள்ளவர் செய்யக்கூடியவை. எஞ்சின், போல்ட், கட்டுப்பாட்டுக் கம்பி, வேகமானி போன்றவற்றை வாங்குவதே புத்தி. விமானத்துக்கென்றே தயாரிக்கும் போல்ட்டின் தலையில் குறியீடு இருக்கும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் தெரியும். ஹாட்வெயார் கடைப் போல்ட் பார்வைக்கு அதேபோல் இருந்தாலும் எந்த உருக்கு என்று நமக்குத் தெரியாது.

அப்படியானால் முழுவதையும் வாங்கிப் பூட்டலாமா? அமெரிக்காவில் 'வீட்டில் கட்டியது' என்று பதிய வேண்டுமானால், பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கற்பதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும். இடைவழியும் உண்டு. கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியியலாளர் அசோக் தாமராக்ஷன், பிரித்தானியாவில் ஒரு தென்னாபிரிக்க நிறுவனத்தின் பாகத் தொகுதியை வாங்கி, வீட்டிலேயே நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். அது 2022இல் பறந்தது.

நல்ல பாகங்கள் மட்டும் போதாது, அவற்றைப் பொருத்தும் இடமும் முக்கியம். அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர், இன்னொருவர் கட்டிய லோங்-ஈஸி விமானத்தை வாங்கி ஓட்டினார். எரிபொருள் தாங்கியை மாற்றும் பிடி, மூல வரைபடத்தில் இருந்த இடத்தில் இல்லாமல், ஓட்டுநரின் இடது தோளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. 1997 ஒக்டோபர் 12 அன்று அந்த விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். அந்தப் பிடி எட்டாத இடத்தில் இருந்ததையும் விசாரணையாளர்கள் விபத்தின் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஆசை உள்ள பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். ஆனால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இல்லாமல் எதையும் ஓட்டவும் விடக் கூடாது. முதலில் ஓர் இறக்கைச் சட்டம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். அதில் மணல்மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எத்தனை கிலோவில், எந்த மூட்டில் உடைகிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டாவது சட்டத்தைச் செய்யட்டும். இந்த வேலையைச் செய்வதா, வாங்குவதா என்பதை அந்தக் கொப்பியே சொல்லிவிடும்.